யாரும் திறக்காத டின்னர் செட்

எங்கள் குடும்பத்தில் ஒரு டின்னர் செட் உண்டு. பதினோரு வருடங்களாக உண்டு. அதில் யாரும் சாப்பிட்டதில்லை, பார்த்ததுகூட இல்லை. சிவப்புக் காகிதம் சுற்றிய அந்தப் பெட்டியின் அடியில் ஓரிடத்தில் காகிதம் கிழிந்து, ஒரு தட்டின் படம் பாதி தெரியும். அதை வைத்து உள்ளே இருப்பது டின்னர் செட் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம்.

ஒரு கல்யாணத்தில் புறப்பட்ட பெட்டி அது. பிறகு கல்யாணம், பணி ஓய்வு, புது வீடு என்று எங்கள் உறவு வட்டத்தில் எல்லார் வீட்டு அலமாரி உச்சியிலும் கொஞ்ச காலம் குடியிருந்திருக்கிறது. எழுதப்படாத சட்டங்கள் இரண்டு. பெட்டியைத் திறக்கக் கூடாது. மழையில் நனைய விடக் கூடாது. கொடுக்கிறவர் "திறந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அலமாரி மேல் ஏற்ற வேண்டும். அவரவர் பெயரெழுதிய சீட்டை முந்தைய சீட்டின் மேலேயே ஒட்டி ஒட்டி, அந்த இடம் இப்போது ஒரு விரல் கனத்துக்குப் புடைத்திருக்கிறது. மூடியின் மூலையில் வட்டமாக ஒரு கறை. அது என் டீ கிளாஸ் போட்டது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பதுபோல அந்தப் பெட்டியை எங்கிருந்தாலும் என்னால் கண்டுபிடிக்க முடியும்.

நான் பல் செட் செய்கிறவன். பத்தொன்பது வருடம் ஒரு பெரிய டாக்டரின் கிளினிக்கில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து செய்தேன். டாக்டர் நல்ல உயரம், நல்ல கோட், நல்ல குரல். செட் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தால் "நாம செஞ்சோம்" என்பார். உட்காராவிட்டால் "நீ என்னப்பா செஞ்சே" என்பார். பத்தொன்பது வருடத்தில் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் எனக்கு என்று ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை, ஸ்டூல்தான்.

போன மாதம் வேலையை விட்டேன். சொந்தமாக லேப் வைக்கப் போகிறேன் என்றதும் டாக்டர் சிரித்தார். அவர் சிரிப்பு அழகாக இருக்கும். மேல் வரிசையில் நான்கு பற்கள் நான் செய்தவை.

"ஒரு மாசம்ப்பா. அதுக்குள்ள திரும்பி வருவே. வந்தா கதவு திறந்திருக்கும். ஸ்டூல் இருக்குமான்னு சொல்ல முடியாது."

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தேன். ஒரு மேசை, ஒரு அடுப்பு, இரண்டு விளக்கு, பழைய பாலிஷ் மோட்டார் ஒன்று. மோட்டாரின் இரண்டு பக்கமும் துணிச் சக்கரம் சுழல வேண்டும்; அதில் பிடித்தால்தான் பல் செட் வழவழப்பாகும். அப்படிப் பிடிக்காத செட்டை வாயில் வைத்தால் நாக்கு அன்றைக்கே புகார் கொடுக்கும். நான் வாங்கிய மோட்டார் ஓடும்போது பொறி பறந்தது. ஓடாதபோது மட்டும் அமைதியாக இருந்தது.

என் மனைவியின் அண்ணன் ஒரு நாள் அறையைப் பார்க்க வந்தார். மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு. குடும்பத்தில் அவருக்கு 'மைக்' என்று பெயர். மைக் தேவையில்லாதவர் என்பதால். வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே என் மேசையை ஜாண் போட்டு அளந்தார், மோட்டாரை ஜாண் போட்டு அளந்தார், நடுவில் என் தோளையும் ஒரு ஜாண் அளந்தார்.

"மாப்பிள்ளை, நான் ஒரு மோட்டாரைத் தொட்டா அது என் பேச்சைக் கேக்கும்."

"அதுக்கு வேற வழி இருக்கா மச்சான்?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரைக் கோபப்படுத்த வேண்டுமென்றால் முதலில் நாம் சொல்வதை அவர் கேட்க வேண்டும்.

முதல் வேலை ஒரு பாட்டு டீச்சருக்கு. மேலும் கீழும் முழு செட். பெரிய டாக்டர் அவரை மூன்று மாதம் இழுத்தடித்திருந்தார். டீச்சர் படியேறி வந்து, மூச்சு வாங்கி, பல்லில்லாத வாயால் மிகத் தெளிவாகச் சொன்னார். "திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு எனக்கு வகுப்பு. பல்லோட போகணும். உங்களால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் சொல்றத ஊர்ல நாலு பேர் கேப்பாங்க."

முடியும் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் செட் வார்த்து எடுத்தேன்; அழகாக வந்திருந்தது. பாலிஷ் மட்டும் பாக்கி. மோட்டாரைப் போட்டேன். ஒரு புகை, ஒரு நாற்றம், பிறகு மௌனம். கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் "அண்ணே, எரியறது உங்களுதா எங்களுதா?" என்று கேட்டார்.

"எங்களுதுதான்" என்றேன்.

புது மோட்டார் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள் கடையில். எரிந்ததை மச்சானிடம் கொடுத்தால் காயில் கட்ட ஒரு வாரம், அதைப் பற்றிப் பேச இரண்டு வாரம். இந்த ஊரில் சும்மா கிடக்கும் பாலிஷ் மோட்டார் இன்னொன்று ஒரே இடத்தில்தான் இருந்தது. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஜன்னலில்லாத அறையில்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தார். கையில் சிவப்புப் பெட்டி. மூலையில் என் டீ கறை.

"மாப்பிள்ளை, இது உங்க வாழ்க்கையையே மாத்தப் போகுது. திறந்து பாருங்க."

"எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்றேன். பெட்டியை வாங்கினேன். கொஞ்சம் கனம் கூடியதுபோல இருந்தது. சீட்டுகளின் கனம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு முறை திறக்கச் சொன்னார். நான் இன்னும் இரண்டு முறை எதுக்கு என்றேன். நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தவர், வேலை கிடக்கிறது என்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியது அதுவே முதல் தடவை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மனைவி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "போன வருஷம் அவன் வீடு மாறினப்ப நாம குடுத்தது. நம்மகிட்டயே திருப்பிட்டான் பாருங்க. இவனெல்லாம் ஒரு அண்ணன்."

"நாம குடுத்தது மட்டும் வாங்கிக் குடுத்ததா?"

"அது வேற" என்றாள்.

அன்று மாலை டாக்டரின் கிளினிக்குக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழா. எனக்கும் அழைப்பு வந்திருந்தது. நான் போவதாக இல்லை. ஆனால் மோட்டார் புகைந்தபின் போகத்தான் வேண்டும். இரண்டு மணி நேரம் அந்த மோட்டாரில் உட்கார விடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர் விடுவார். விட்டதை ஆயுள் முழுக்கச் சொல்வார். அதன்பின் சைக்கிள் கடைக்கு மேலே இருப்பது என் லேப் அல்ல, அவர் லேபின் மாடி.

"வெறுங்கையோட போய்க் கேக்காதீங்க" என்று மனைவி சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினாள். புதுச் சீட்டில் 'அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு' என்று எழுதி, புடைப்பின் மேல் ஒட்டினேன். எங்கள் குடும்பத்துக்கு வெளியே அந்தப் பெட்டி போவது அதுவே முதல் தடவை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மண்டபத்தில் டாக்டரின் படம் டாக்டரைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. அவரைப் பற்றி ஆறு பேர் பேசினார்கள். ஏழாவதாக அவரே பேசினார். அவர்தான் அதிகம் புகழ்ந்தார். பிறகு பரிசுகள் குவிந்திருந்த மேசையைப் பார்த்தார். கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காரும் அம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் முகம் மலர்ந்தது.

"நம்மகிட்ட வேலை கத்துக்கிட்டுப் போன தம்பி ஒருத்தர் இன்னைக்கு திரும்ப வந்திருக்கார். அன்பளிப்போட வந்திருக்கார். வீட்டை விட்டுப் போன பிள்ளை தர்றத மேடையிலேயே திறந்து பாக்கறதுதான் முறை."

மூன்றாவது வரிசையில் எனக்கு வியர்த்தது. பதினோரு வருடத்து டின்னர் செட். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கலாம். கரப்பான் குடும்பம் ஒன்று எங்களைவிட ஒற்றுமையாக வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

டாக்டர் காகிதத்தைக் கிழித்தார். மூடியைத் திறந்தார். இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்தார்.

அது டின்னர் செட் இல்லை. பச்சை வண்ணம் அடித்த, இரண்டு பக்கமும் தண்டு நீண்ட, அடியில் ரப்பர் கால் வைத்த பாலிஷ் மோட்டார். இரண்டு தண்டிலும் வெள்ளைத் துணிச் சக்கரம் மாட்டியிருந்தது. என் மேசைக்கு அளவெடுத்தது. ஜாண் போட்டு அளவெடுத்தது.

மண்டபத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மார்புக்குள் ஏதோ சடாரென்று திறந்துகொண்டது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஏனென்றால் டாக்டர் உள்ளேயிருந்து ஒரு கடிதத்தையும் எடுத்துவிட்டார். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் மைக்கில் வாசிப்பது அவர் வழக்கம். வாசித்தார், நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு.

"மாப்பிள்ளை, பெட்டிதான் பழசு, சரக்கு புதுசு. ஒரு மாசமா என் கையால கட்டினது. இது சத்தம் போடாது, அந்த வேலைக்கு நான் இருக்கேன். இனிமே நீங்க அந்த டாக்டர்கிட்ட போய்க் கை கட்டி நிக்க வேண்டாம். அவருக்குப் பல்லைப் பத்தித் தெரிஞ்சது பாதி நீங்க சொல்லிக் குடுத்ததுதான்னு தங்கச்சி..."

அங்கே நின்றது. குரல் நின்றது; உதடு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை போனது.

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

நான் எழுந்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் எதிரில் நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை. மேடையேறி மைக் பக்கம் போனேன்.

"டாக்டர், இது என் லேப் மோட்டார். நாளைக்கு ஓட ஆரம்பிக்குது. உங்க கை பட்ட பிறகு ஓடட்டும்னு கொண்டு வந்தேன். பட்டுடுச்சு. எடுத்துட்டுப் போகட்டுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். முந்நூறு பேரைப் பார்த்தார். தப்பிக்க நான் திறந்து வைத்த கதவு ஒன்றே ஒன்றுதான். அதன் வழியே போனால் என்னை வாழ்த்தியாக வேண்டும். அவர் கெட்டிக்காரர். கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். மோட்டார் மேல் கை வைத்து போட்டோவுக்கு நின்றார். "என் கையாலதான் இந்த லேப் தொடங்குது" என்று ஆரம்பித்து ஏழு நிமிடம் பேசினார். அந்த ஏழு நிமிடமும் மோட்டாரைக் கைக்குழந்தையைப்போல நான் தூக்கிக்கொண்டு நின்றேன். கை வலிக்கவில்லை.

மண்டபத்திலிருந்து நேராக லேபுக்குப் போனேன். சுவிட்சைப் போட்டதும் சக்கரம் சுழன்றது. நம்ப முடியாத அமைதி. கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் கேட்டார், "அண்ணே, இன்னைக்கு வேலை இல்லையா?"

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"திறந்து பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"நான் திறக்கல மச்சான். ஊரே திறந்து பாத்துச்சு."

நடந்ததைச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு நிமிடம் பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "கடுதாசிய நல்லா படிச்சாரா?"

"உங்களவிட நல்லா படிச்சார்."

"அப்ப சரி."

"பழைய பெட்டியில எதுக்கு மச்சான் வச்சீங்க?"

"அளவு சரியா இருந்துச்சு மாப்பிள்ளை. அதோட நீங்க திறந்ததும் அசந்து போகணும்ல. நீங்க திறக்கவே மாட்டீங்கன்னு நான் கண்டேனா?"

"அந்த டின்னர் செட்?"

"டின்னர் செட்டா? உள்ள வெறும் ஆறு கப்பும் சாசரும்தான் இருந்துச்சு. அதுலதான் இப்ப டீ குடிச்சிட்டிருக்கேன்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டீச்சர் வந்தார். செட்டை வாயில் வைத்து, நாக்கால் ஒரு சுற்று வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மேல் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினார். கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் நின்றது. டீச்சர் திரும்பினார். "பரவாயில்ல" என்றார். பாட்டு டீச்சர்கள் அதற்கு மேல் யாரையும் பாராட்டுவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை, கிளினிக்கின் வரவேற்பு மேசை அம்மா படியேறி வந்தார். கையில் மூன்று பேர் வாயின் அச்சுகள். என் இடத்துக்குப் புதிதாக வந்தவர் செய்த செட்டுகள் யார் வாயிலும் உட்காரவில்லையாம். டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், 'நாம செய்வோம்' என்று.

சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். டாக்டர் மோட்டார் மேல் கை வைத்திருந்தார்.

"வச்சிட்டுப் போங்கம்மா" என்றேன். "அடுத்த சனிக்கிழமைதான் முடியும். இங்க வரிசை இருக்கு."

அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவருமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னிடமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சனிக்கிழமை என்று எழுதிக்கொண்டார்.