சூடு தெரியாத கால்

பொள்ளாச்சிக்குத் தெற்கே நாலு மைலில் இருந்தது தம்பிதுரையின் கொப்பரைக் களம். அரை ஏக்கர் சிமெண்டுத் தரை முழுக்க உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் அந்தத் தரையில் கால் வைப்பதும் அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லில் கால் வைப்பதும் ஒன்றுதான். ஆனாலும் களத்துக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். நாலு பேர் சாப்பிடுகிற எண்ணெய்க்குப் போகிற சரக்கு, அதன்மேல் செருப்புக் கால் படலாமா என்பார் தம்பிதுரை.

வேலை செய்யும் பெண்கள் ஈரச் சாக்குகளை வரிசையாக விரித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போவார்கள். தம்பிதுரை மட்டும் நடுக்களத்தில் வெறுங்காலோடு நிற்பார். பாதத்தால் கொப்பரையைத் துழாவிப் பார்த்து, இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்று கணக்காகச் சொல்லுவார். ஐம்பத்து நாலு வயதில் இப்படி நிற்கிறாரே என்று அக்கம்பக்கத்துக் களத்துக்காரர்கள் வியப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஏழெட்டு வருஷமாக உடம்பில் சர்க்கரை இருப்பதும், அது காலின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதும் அவர் எண்ணத்தில் ஏறவே இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம் ஒரு நாள், கோயம்புத்தூர் உக்கடத்து எண்ணெய் வியாபாரி மைதீன் பிச்சை சரக்குப் பார்க்க வந்தார். குவியலிலிருந்து ஒரு கொப்பரையை எடுத்துத் திருப்பியவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்க கவுண்டரே, கொப்பரைக்கு மருதாணி வெச்சுருக்கீங்களாட்ட இருக்குது?"

வெள்ளைப் பருப்பில் சிவப்பாக ஒரு தீற்றல். தம்பிதுரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. எவளோ காலை வெட்டிக்கொண்டு சரக்கின்மேல் நடந்திருக்கிறாள் என்று கத்தினார். ஒன்பது பெண்களையும் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொருத்தியாகப் பாதத்தைக் காட்டச் சொன்னார். ஒருத்தி காலிலும் கீறல் இல்லை. அவர் மறுபடியும் கத்த ஆரம்பித்தபோது, அவர்களில் ஒருத்தியான நாச்சாத்தாள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. நீங்க நடந்து வந்த தடத்தைக் கொஞ்சம் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் அவர் வலது கால் பட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு.

மைதீன் பிச்சை அவரை மூட்டைமேல் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் ஒரு கொட்டாங்குச்சிச் சில்லு ஏறியிருந்தது. சுற்றிலும் சதை கறுத்து, புறங்கால் வரைக்கும் வீங்கிக் கிடந்தது. அது அன்றைக்குக் குத்தியது அல்ல. மைதீன் பிச்சை சில்லைப் பிடித்து இழுத்தார். தம்பிதுரை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலீங்களா?"

"இல்லீங்க பாய்."

"அதாங்க எனக்குப் பயமா இருக்குது" என்றார் மைதீன் பிச்சை. அதற்குமேல் அவர் கேலி பேசவில்லை. தன் காரிலேயே ஏற்றிப் பொள்ளாச்சி டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார்.

சர்க்கரை முந்நூற்று நாற்பது. எக்ஸ்ரேயில் நடுப்பாதத்து எலும்புகள் கலைந்தாற்போல் தெரிந்தன. சீழ் எலும்புவரை இறங்கிவிட்டதா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. இறங்கியிருந்தால் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டிவரும், இல்லையென்றால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அதைக் கண்டுபிடிக்கக் கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அணு மருத்துவம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, மறுநாளே போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஒரு கடிதமும் மாத்திரைகளும் கொடுத்தார்.

நாளைக்குப் போவது என்றுதான் தம்பிதுரை வீட்டுக்கு வந்தார். அங்கே மச்சினன் அரங்கசாமி பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துச் சோதித்த வாரம் அது. டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. தம்பிதுரை கடிதத்தைக் காட்டியதும் அரங்கசாமி உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"ஊசி வழியா அந்த அணுவை ஒடம்புல ஏத்துவாங்களாம் மாமா. அப்பறம் ஒடம்புல இருந்து கதிர் அடிச்சுட்டே இருக்குமாம். ஊட்டுல புள்ளத்தாச்சிய வெச்சுட்டு இதெல்லாம் தேவைங்களா?"

உள்ளறையில் மகள் படுத்திருந்தாள். துடியலூரில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்த கரு.

தம்பிதுரை கடிதத்தை நாலாக மடித்துச் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் செருகினார். மனைவி மயிலாத்தாளிடம், மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டார்.

காலில் டாக்டர் போட்டுவிட்ட கட்டைத் தினமும் அவரே மாற்றிக்கொண்டார். வலி இல்லை, அதனால் ஆறிக்கொண்டு வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். களத்துக்கும் போய்வந்தார். மாற்றிய கட்டு சாயங்காலத்துக்குள் நனைந்து நாற ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

காலண்டரில் தேதி கிழிக்கப் போன மயிலாத்தாளின் கையில் அந்தக் கடிதம் சிக்கியது. மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு புருஷன் படுத்திருந்த கட்டிலருகே வந்து நின்றாள். ஏன் என்று கேட்டாள். அவர் காரணத்தைச் சொன்னார்.

"கொழந்தைக்கு ஆவாதுன்னு கால அழுக உட்டுப்போட்டீங்களா? அந்தக் கொழந்தையத் தூக்கிட்டு நீங்க நடக்க வேண்டாமுங்களா?"

அவள் அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, அரங்கசாமியைக் கார் கொண்டுவரச் சொன்னாள்.

அணு மருத்துவப் பிரிவில் டாக்டர் சீனிவாசலு ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தம்பிதுரை அதைக் கேட்டுவிட்டார். வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள், அவளுக்கும் வயிற்றிலிருப்பதற்கும் என்ன ஆகும் என்று. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மருந்தின் அளவு மிகக் கொஞ்சம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிக்கொண்டே வரும், ஓரிரு நாள் மகள் பக்கத்தில் நெருங்கி உட்காராமல் இருந்தால் போதும்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. ஒரு போன் போட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

தம்பிதுரை ஊசிக்குக் கையை நீட்டினார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்த படத்தில், பெருவிரலிலும் நடுப்பாதத்திலும் திட்டுத் திட்டாகக் கறுப்புத் தெரிந்தது. பாதம் போய்விட்டதென்றே மயிலாத்தாள் நினைத்தாள். கோளாறு இருக்கிறது என்பதைத்தான் இந்தப் படம் காட்டும், அது எலும்பு நொறுங்கியதால் வந்த அழற்சியா, கிருமி ஏறிய சீழா என்று சொல்லாது என்றார் டாக்டர். இரண்டு நாள் விட்டு இன்னொரு சோதனை. அவருடைய ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, மருந்தை அவற்றில் ஏற்றி மறுபடி உடம்புக்குள்ளேயே விட்டார்கள்.

"பொள்ளாச்சிக்காரருக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றார் சீனிவாசலு. "மாட்டுக்கு மணி கட்டி அவுத்து உட்டா, அது எங்க மேயுதுன்னு சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கறீங்கல்ல? வெள்ளை அணு கிருமி இருக்கற எடத்தைத் தேடித்தான் போகும். அதுக்கு மணி கட்டி உட்டிருக்கோம். இந்தக் கேமரா சத்தத்தைக் கேக்குது."

கேமரா பாதத்துக்கு அருகில் வந்து நின்றது. தொடவில்லை, சுடவில்லை. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று தம்பிதுரை கேட்டார். பாதி முடிந்துவிட்டது என்று சிரித்தாள் படமெடுக்கும் பெண்.

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் மாட்டினார். நடுப்பாதத்துக்கு வெள்ளை அணுக்கள் போகவில்லை. உணர்ச்சி இல்லாத காலால் நடந்து நடந்து எலும்புகள் நொறுங்கிய அழற்சிதான் அங்கே. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் ஊன்றாமல் இருந்தால் பாதம் பிழைத்துவிடும். ஆனால் பெருவிரல் எலும்பில் அவை மொய்த்துக் கிடந்தன. விரலை எடுத்தாக வேண்டும்.

பாதம் தப்பியது என்று கேட்டதும் மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிதுரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளே வந்திருந்தேன்னா?"

சீனிவாசலு கொஞ்சம் தயங்கினார். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அனேகமா வெரலும் இருந்திருக்கும்."

மயிலாத்தாள் கூட வந்திருந்த தன் தம்பி அரங்கசாமியின் பக்கம் திரும்பினாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். படிக்காதவன் பேசினாலும் பரவாயில்லை, பேப்பர் படிக்கிறவன் பேசலாமா என்று கேட்டாள். அரங்கசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அவனைத் திட்டாத, மயிலு" என்றார் தம்பிதுரை. "அவன் அக்கறையாத்தான் சொன்னான். எனக்குந்தான் பயம். பயந்தது தப்பில்ல புள்ள. வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்காமயே பயந்துட்டு உக்காந்திருந்தேன் பாரு, அதுதான் தப்பு. வலிக்கல, நல்லாத்தான் இருக்குதுன்னு பன்னெண்டு நாளு என்னைய நானே ஏமாத்திட்டேன். சக்கரை இருக்கறவனுக்குக் கால் வலிக்கலீன்னா, அன்னிக்குத்தான் அவன் டாக்டர்கிட்ட ஓடோணும்."

நர்ஸ் ஆபரேஷன் சம்மதப் பத்திரத்தை நீட்டினாள். இந்த முறை அவர் அதை மடிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இது என்ன, இது என்ன என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போட்டார்.