கூட்டத்தில் சொன்ன இடம்

தையற்கார அக்காவுக்கு அந்தச் சித்தாள் தர வேண்டியிருந்தது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மகளின் சீருடைக்குக் கொஞ்சம், புருஷன் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது கைமாற்றாக வாங்கியது மிச்சம். தவணை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பழைய சிம்மைக் கழற்றிப் பருப்பு டப்பாவில் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றார்கள். அதற்கும் போகவில்லை. அக்காவின் மகனும் அதே பள்ளிதான். அங்கே மாட்டினால் நாலு பேர் முன்னால் மானம் போகும்.

அன்று மூன்றாம் மாடிக்குக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். மூக்குக்குள் ஊசி குத்தியது போல ஒரு நெடி வந்தது. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

“என்னம்மா இது, கக்கூஸ் மருந்த எவனாவது கலவையில ஊத்திட்டானா?”

கீழேயிருந்து கம்பி கட்டுகிறவன் குரல் கொடுத்தான். “ஐஸ் கம்பெனியில கேஸ் பிச்சிக்கிச்சாம். எல்லாம் எறங்குங்க.”

ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டித்தான் பள்ளிக்கூடம். தலையிலிருந்த சட்டி எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. படியில் இறங்கும்போதே கைப்பேசியைப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் கூப்பிட்டிருப்பார்களே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓடினாள். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருப்பது டப்பாவில் கிடக்கிற எண்.

எதிரே வந்தவர்கள் துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையிலும் பிள்ளை இல்லை.

பள்ளியின் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே மணலில் ஒற்றைச் செருப்பு. கதவுக் கம்பியில் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள். மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் போன வருடம்தான் அவள் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். எரிகிற கண்ணோடு விரலை வைத்துக் கூட்டினாள். பிள்ளை. பிள்ளைகளை. பிள்ளைகளைக் கொன்று...

கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு கண்ணைப் புறங்கையால் துடைத்து, அந்த எழுத்தின் மேலேயே விரலை ஊன்றிச் சுழிகளை எண்ணினாள். இரண்டு இல்லை, மூன்று சுழி. கொண்டு. பிள்ளைகளைக் கொண்டு போகிறோம். கூட்டத்தில் சொன்ன இடத்துக்கு.

எந்த இடம்? அட்டையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படி வந்திருக்கக்கூடியவர்களில் ஒருத்தியின் எண் மட்டுமே அவளிடம் இருந்தது. எடுக்காமல் விட்டுவிட்டே மனப்பாடமான எண்.

“யாரு?”

“நான்தான்க்கா. சித்தாளு.”

“அடிப்பாவி. செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்.”

“அக்கா, கூட்டத்துல எந்த எடம் சொன்னாங்க?”

“நீ எங்க நிக்கிற?”

“பள்ளிக்கூட வாசல்ல.”

“அறிவு இருக்கா உனக்கு? காத்து அங்கதான் அடிக்குது. துணிய நனச்சு மூக்குல கட்டு. பஸ் டிப்போவுக்குப் பின்னால இருக்கிற திடல். ஓடியா.”

“பாப்பா அங்க இருக்காளா?”

“நானே இப்பத்தான் போயிட்டிருக்கேன். எம் பையனுக்கு என்னாச்சுன்னே தெரியல. போன வையி.” திட்டும்போது கெட்டியாக இருந்த குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

திடலில் வகுப்பு வகுப்பாக உட்கார வைத்திருந்தார்கள். மகளின் வரிசையில் மகள் இல்லை. ஒருமுறை பார்த்தாள். முகம் முகமாக மறுபடி பார்த்தாள். டீச்சரின் கையைப் பிடித்து வரிசையைக் காட்டினாள்.

“வீட்டு நம்பர் கெடைக்காத பிள்ளைங்க அந்த ஷெட்ல இருக்காங்கம்மா,” என்று டீச்சர் கூடவே வந்தார்.

ஷெட்டில் மகள் இருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பக்கத்தில் தையற்கார அக்கா, ஒரு கையில் தன் மகனும் மறு கையில் இவள் மகளின் பையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“நான் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கார்டுல பேரு இல்லாதவங்க கையில குடுக்க மாட்டாங்களாம். விட்டுட்டுப் போகவும் மனசு வரல.”

சித்தாள் மகளை இழுத்து அணைத்தாள். பிள்ளையின் நெஞ்சு விசில் மாதிரி இழுத்தது.

“புது நம்பர் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு தலைய ஆட்டுறா,” என்றார் டீச்சர். “சொல்லுன்னா வாயத் தெறக்க மாட்டேங்கிறா.”

“யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன.” மகள் இருமி முடித்து, அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “இவங்க வேற பக்கத்துலயே இருந்தாங்க.”

சித்தாள் எண்ணைச் சொன்னாள். ஒவ்வொன்றாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ரெண்டாவது நம்பரா என்னுதப் போட்டுக்குங்க டீச்சர்,” என்றாள் அக்கா. “எம் பையன் கார்டுல இவளோடதப் போடுங்க. காசத்தான் குடுக்க மாட்டா, புள்ளையக் குடுத்துருவா.”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். சித்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் முதுகில் கை வைத்து, மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கூலியில் பாதியைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தாள். மிச்சத்துக்கு, ஞாயிறுதோறும் அக்காவின் கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் வைத்தாள். திடீரென்று தெருவில் ஏதாவது நெடி வந்தால் இருவர் கையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். வெளியே விளையாடுகிற பிள்ளைகளின் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசி மறுபடி நகரும்.

கடைசிச் சட்டையை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். அக்கா அதை வாங்கி மடித்தாள்.

“கணக்கு தீந்துச்சு, போ,” என்றாள்.