வேணியின் விளக்கை மாற்றிய விதம்

1.
ஒரு விளக்கு ரிப்பேருக்காக ஜெகபர் அலி பாய்க்கு நான் தரவேண்டியது நூற்று நாற்பது ரூபாய். இந்தக் கதை பிறந்தது அதில்தான். காந்தி மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். நான் அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன்.

"காசு கெடக்கட்டும் ரெங்கராஜ். விளக்கை எப்படி மாத்துனோம்னு எழுதிக் குடுங்க, கடையில ஒட்டிக்கிறேன். கேக்குறவனுக்கெல்லாம் சொல்லி வாய் வலிக்குது."

மனைவி வேணியின் மெசேஜை அடுத்தவனிடம் காட்டிப் படிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். சரி என்றேன்.

2.
வேணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று மழை

(இல்லை. நல்ல வெயில். மழை என்றால் கதைக்கு நன்றாயிருக்குமே என்று போட்டேன்.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஒற்றை அறையில் அவள் மாட்டிய சின்ன விளக்கு இருந்தது. இருட்டினால் தானே எரியும். அவள் போன நாலாம் மாதம் செத்துப்போனது.

"ஏங்க, விளக்கு எரியுதா?" என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள்.

"எரியுது."

எட்டு மாதம் இதையே சொன்னேன். பிறகு, "வெள்ளிக்கிழமை வீடியோவுல காட்டுங்க" என்றாள்.

3.
பாய்க்கு வேண்டியது இந்தப் பகுதி மட்டும்தான்.

விளக்குக்குள்ளே கரண்டுக்கு இரண்டு வழி. வெளிச்சம் பட்டால் சென்சார் தன் வழியைத் திறந்துவிடும். கரண்ட் அந்தப் பக்கமே ஓடிவிடும். இருட்டில் அந்த வழி அடைபடும். கரண்ட் டிரான்சிஸ்டருக்குப் போய் எல்.இ.டி.யை ஏற்றும். எரிந்துபோன எல்.இ.டி.யைக் கழற்றி, வீடியோவில் தெரியட்டும் என்று பெரிதாக ஒன்று போடச் சொன்னேன் பாயிடம்.

பட்டப்பகலில் எப்படிச் சோதிப்பது? கடையிலேயே வெங்காயச் சாக்கைத் தலையோடு போர்த்தி விளக்கோடு உட்கார்ந்தேன். எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

"என்னங்க, உள்ள கல்யாண வீட்டு சீரியல் லைட்டா?" என்று வெளியிலிருந்து பாய் சிரித்தார்.

பெரிய எல்.இ.டி.யின் வெளிச்சம் பக்கத்திலிருந்த சென்சார் மேலேயே விழுந்தது. விளக்கு தன் வெளிச்சத்தையே பார்த்து, விடிந்துவிட்டதென்று நம்பி அணைந்தது. (இந்தக் கதையும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எப்போது அணையுமோ.) பாய் சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சென்சாருக்கு முனை திறந்த குல்லாவாக மாட்டி, எல்.இ.டி.க்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். சாக்குக்குள் இப்போது அணையாமல் நின்று எரிந்தது.

4.
வெள்ளிக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டுக் காட்டினேன்.

"இது நம்ம விளக்கு இல்லையே. அது மஞ்சளா எரியும்."

எல்.இ.டி.யை மாற்றியதைச் சொல்லிவிட்டேன், எட்டு மாதப் பொய்யையும். திட்டவில்லை.

"இங்க வீட்டுக்காரங்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

வா என்றால் அவள் சம்பளம் நின்றுபோகும். இரு என்றால் இந்த அறையில் நான்

நான் சொன்னது:

5.
(இது பிறகு சேர்த்தது.) தாளைப் பாய் இரண்டு முறை படித்தார்.

"என்ன சொன்னீங்கன்னு எழுதலையே?"

"படிக்கிறவங்க போட்டுக்கட்டும் பாய்."

அந்த வெற்று இடத்தில் விரலை வைத்தார். பிறகு நோட்டை எடுத்து, என் பேருக்கு நேரே இருந்த நூற்று நாற்பதை அடித்துவிட்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதைச் செவுத்துல ஒட்ட வேணாம்."