கறுப்பு நூலில் ஒரு பெயர்

குழந்தைக்கு ஒரு வயது நிறையப்போகிறது. பிறப்புப் பத்திரத்தில் தன் பெயரைச் சேர்க்க, தாலி கட்டாத அப்பன் இன்னும் நேரில் வந்தபாடில்லை. இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சிவநேசன் போனிலேயே காலத்தை ஓட்டினான். பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் ஏற்றுகிறவனுக்குக் கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுன் வருவது அவ்வளவு பெரிய பயணமா என்ன!

காமினிக்குக் கைத்தையல் பைத்தியம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரச் சிறுமிகள் எழுத்துப் பழகத் தைத்த துணிகளை இணையத்தில் பார்த்து, உள்ளங்கை அகலத் தையல் வளையத்தில் தானும் தைப்பாள். மகளுக்கும் ஒன்று தொடங்கினாள். ஓரத்தில் கொடி, நடுவில் கிராஸ் ஸ்டிச்சில் ‘அதிரா’. அதன் கீழே, நம்மவர் அடையாள அட்டையில் அப்பன் பெயருக்கு முன்னால் வருகிற ‘ஏ/பி’, அதாவது இன்னாரின் மகள். அதோடு ஊசி நின்றுவிட்டது.

அந்தக் காலத்துக் குடும்பத் துணிகள் சிலவற்றில் உயிரோடிருப்பவர் பெயரை வண்ண நூலிலும் இறந்தவர் பெயரைக் கறுப்பிலும் தைத்திருப்பார்கள். சிவநேசனுக்குத் தாசேக் கெலுகோரில் பெண் பார்த்து முடிவாகிவிட்டது என்று காதில் விழுந்த அன்று, காமினி கறுப்பு நூலை எடுத்தாள். வயிற்றெரிச்சல் தீர அவன் பெயரைத் தைத்தாள்.

ஆனால் இந்த மனசுக்கு மட்டும் வெட்கம் கிடையாது. கறுப்பைப் பார்த்தால் அவனுக்கு ரோஷம் வரும், “நான் என்ன செத்தா போயிட்டேன்? பிரிச்சுப் போடு!” என்று கத்துவான் என்று நம்பினாள். மாற்றித் தைக்க நீல நூலைக்கூடக் கோத்து வைத்திருந்தாள்.

பிறந்தநாளன்று ஒரு பொம்மையோடு வந்தான். வாசலிலேயே நின்றான். அவள் வளையத்தை நீட்டினாள்.

“அழகா இருக்குலா. எம் பேரு மட்டும் ஏன் கறுப்பு?”

“செத்தவங்க பேரை அப்படித்தான் தைப்பாங்க.”

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கத்து, கத்தித் தொலை என்று காமினி உள்ளுக்குள் கெஞ்சினாள்.

“பாப்பா பெருசாகிக் கேட்டா அப்படியே சொல்லிடு காமினி,” என்றான் சிவநேசன். பெரிய பாரம் இறங்கியவன் முகம் அது. “அதான்லா எல்லாருக்கும் செனாங், லேசு. ஒரு பிரச்சனையும் இல்ல.”

பொம்மையை அவள் கையில் திணித்தான். பாவி, உயிரோடு இருக்கும்போதே தன் கருமாதியைத் தானே முடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனான். காமினி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.