மீன்கோட்டை சேருமா, சேராதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பி வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்கு, கூடத்திலிருந்து ஒரு பெயர் காதில் விழுந்ததும் தூக்கிவாரிப்போட்டது. மீன்கோட்டை. இருபத்தைந்து வருஷமாக அவள் மறந்தே போயிருந்த பெயர்.

தம்பிக்கு வயது முப்பத்து நான்கு. லிப்ட் மெக்கானிக், வேலையில் புலி. வீட்டுக்கு வந்தால் மட்டும் ‘ஏழு கலங்கரை’ என்ற பழைய வீடியோ கேமைக் கட்டிக்கொண்டு அழுவான். ஓர் அக்காவும் தம்பியும் தீவு தீவாகப் போய் விளக்கேற்றுகிற கதை. இரண்டு பாகம் வந்தது. அப்புறம் கம்பெனிக்காரன் அதே பெயரில் கார் பந்தயம், சீட்டாட்டம், போன் கேம் என்று கண்டதையும் இறக்கினான். இவற்றில் எது உண்மைக் கதையில் சேரும், எது சேராது என்று சண்டை போடுவதற்கென்றே பதினோரு பேர் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லாம் கழுதை வயசானவர்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்கு இறுதிப் பட்டியல் போடும் கூட்டம். லேப்டாப் திரை முழுக்க முகங்கள். இருப்பவர்களிலேயே கறாரானவன் தம்பிதான்.

“கம்பெனி வெளியிட்டிருக்கணும். கதை விட்ட இடத்துலேர்ந்து தொடரணும். இல்லன்னா எவ்வளவு நல்லா இருந்தாலும் சேராது,” என்று சொல்லிக் கார் பந்தயத்தை ஒரே போடாகப் போட்டுத் தள்ளினான்.

“சரி, அப்ப மூணாம் பாகம்னு நீ சொல்ற மீன்கோட்டை?” என்றார் குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர். “அதோட கதைன்னு நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்க. ஒருத்தர்கிட்டயும் கேசட் இல்ல. கம்பெனிகிட்டயே விவரம் இல்ல. நீ கதை விடறேன்னு பேச்சு. இன்னிக்கு சாட்சி காட்டலன்னா உன்னைக் குழுவுலேர்ந்து எடுத்தாகணும்ங்கறாங்க.”

தம்பியின் முகம் சிவந்தது. “நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? எங்கக்கா தன் கையால விளையாடினது. அக்கா, கொஞ்சம் இங்க வா.”

அக்கா குழாயை மூடினாள். நாற்பது பக்கமா?

நடந்தது இதுதான். ஒன்பது வயதில் கால் உடைந்து, தம்பி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான். அதற்கு முந்தின நாள்தான் அவளுடைய தோழி வீட்டில் இரண்டாம் பாகத்தை முடித்திருந்தான். கடைசிக் காட்சியில் அந்தக் கதையின் தம்பி கடலில் விழுந்து செத்துப்போகிறான். இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சோறு வேண்டாமென்று அடம்பிடித்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தோழி வீட்டுக்குப் புதிதாக ஒரு கேசட் வந்திருக்கிறது, பெயர் மீன்கோட்டை என்று அளந்துவிட்டாள். தோழி குடும்பமோ அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தது; படுக்கையில் கிடந்தவனுக்கு அது தெரியாது. அங்கே விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, அக்கா தினமும் சாயங்காலம் மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை கட்டிக்கொண்டு வந்து சொல்வாள். எதிர் ஜன்னலில் தெரிந்த மீன்தொட்டி கோட்டையானது. வீட்டுக்காரரின் தங்கப்பல் வில்லன் வாய்க்குப் போனது. பத்தொன்பதாம் நாள் கடலிலிருந்து அந்தக் கதைத் தம்பியை எழுப்பிக் கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் இவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் இதைப் பற்றி அவளிடம் வாயே திறக்கவில்லை. பெரியவனான பிறகு கேம் என்றாலே அவள் கேலி செய்வாள் அல்லவா, அதனால்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், கழுகு என்று எல்லோரும் கூப்பிடும் தாடிக்காரர் முந்திக்கொண்டார்.

“நானும் சின்ன வயசுல விளையாடியிருக்கேங்க. தங்கப்பல் வில்லன். மூணாவது அறையில மணியடிச்சா தண்ணி வடியும். வீடு மாறும்போது கேசட் தொலைஞ்சுபோச்சு.”

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். தங்கப்பல் தம்பி எழுதியதிலிருந்து வந்திருக்கும். ஆனால் அவள் கதையில் மணியே கிடையாது. ஒரு நிமிஷம், அப்படி ஒரு கேம் நிஜமாகவே இருந்து தொலைத்ததோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ரெண்டு சாட்சி போதும்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “சொல்லுங்கம்மா, விளையாடினீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மானம் தப்பும். திரும்பிப் பார்த்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அதே ஒன்பது வயது முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் தடவை பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“அப்படி ஒரு கேமே இல்லைங்க. அவன் சாப்பிடணும்னு நான் கட்டின கதை. அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் பொய் சொல்லல.”

திரையில் கழுகின் கட்டம் சத்தமில்லாமல் அணைந்துபோனது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தம்பி மேல தப்பில்லன்னு எழுதிக்கறேன்,” என்றார் மெதுவாக.

தம்பி லேப்டாப்பை மூடினான். கத்தப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

“அப்போ அந்தத் தம்பி?” என்றான்.

“எந்தத் தம்பிடா?”

“கடல்ல விழுந்தவன்.”

“அவன்தான் வந்துட்டானேடா. பத்தொன்பதாவது நாள், நான்தானே சொன்னேன்.”

அவன் தலையை ஆட்டினான். கண் நிறைந்திருந்தது.

“அது சேராதுக்கா,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.