புகை வளைந்த இடம்

...இங்கேயும் புகை நேராகத்தான் போகிறது, அப்படியானால் ஏசி டக்டின் இந்த ஜாயின்ட்டும் நல்லது, அவர் கை போட்ட ஜாயின்ட் நல்லதாக இல்லாமல் எப்படிப் போகும், இந்த ரபீக் பயலுக்கு வாய் நீண்டுவிட்டது, வேறென்ன... ஏணியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும், இந்த வயதில் கையில் ஊதுபத்தியோடு ஃபால்ஸ் சீலிங் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேனே, யாராவது பார்த்தால் சபிஹாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். அத்தாவும் பிள்ளையும் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார்கள், தொழுகை முடிந்தாலும் பாகூர் கடைத்தெருவில் நாலு பேரிடம் நின்று பேசாமல் வர மாட்டார்கள், அதற்குள் ஓட்டையைக் கண்டுபிடித்து இந்த வெள்ளி டேப்பை ஒட்டிவிட்டால் போதும், நாளைக்கு ஒருத்தன் வந்து என் வீட்டுக்காரர் வேலையைக் குறை சொல்ல முடியாது.

நேற்று சாப்பிடும்போது சொல்கிறான், ஹால் குளிரவே மாட்டேங்குது அத்தா, உங்க டக்டுல எங்கியோ லீக்கு, ஞாயித்துக்கிழமை பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க, சனிக்கிழமை கம்பெனி ஆள வரச் சொல்லிட்டேன் என்று. யாரிடம் சொல்கிறான்? தோஹாவில் பதினெட்டு வருஷம் ஏசி டக்ட் போட்ட காஜா மொய்தீனிடம். எந்தெந்தச் சீமான் பங்களாவையோ இவர் குளிர வைத்தார், நான் இங்கே விசிறிமட்டையோடு கிடந்தேன், அது ஒரு காலம்... ஊர் திரும்பி இந்த வீட்டைக் கட்டியபோது தகரத்தைத் தானே வெட்டி, தானே மடித்து, ஹாலுக்கும் எங்கள் அறைக்கும் ரபீக் அறைக்கும் காற்று போக மேலே டக்ட் ஓட்டினார், சமையல்கட்டுக்கும் ஒரு வாய் வைக்கிறேன் என்றார், நான்தான், வேணாங்க, மீன் வாசனை வூடு பூரா சுத்தும் என்றேன். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார், அண்ணாந்து சீலிங்கைப் பார்த்து, இதெல்லாம் ஒரு வேலையா என்று முணுமுணுப்பார், அப்படிப்பட்ட மனுஷன் நேற்று மகன் சொன்னதற்கு, வரட்டும்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் வாயை மூடிக்கொண்டார்? வயதாகிவிட்டதா, தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டதா?

அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இந்த ஊதுபத்தி, தோஹாவிலிருந்து போனில் பேசும்போது வேறு பேச்சு ஏது, ஏசிய ஓட வுட்டு ஜாயின்ட் கிட்ட ஊதுபத்திய காட்டணும் சபி, புகை நேரா போனா நல்லது, விலகி ஓடினா அங்க ஓட்டை என்பார், நான் உம் கொட்டுவேன், கரன்ட் பில்லையும் பிள்ளையின் பரீட்சையையும் நினைத்துக்கொண்டு... ஹாலில் நேராகப் போனது, நடையில் நேராகப் போனது, இனி சமையல்கட்டு ஒன்றுதான் பாக்கி. ஏணியைத் தூக்கிவந்து போட்டாயிற்று, இங்கே ஃபால்ஸ் சீலிங் கிடையாது, டக்ட் பரணுக்குப் பின்னால் ஓடி ரபீக் அறைக்குப் போகிறது, அது தெரியாமலிருக்கப் பெரிய தேக்சாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம். வைத்திருக்கிறோம் என்ன, அவர் வைத்தார். தேக்சா வேணும்னா என்னக் கூப்புடு, நீ ஏறாத என்று கண்டிப்பாக வேறு சொல்லியிருக்கிறார், பெண்டாட்டி விழுந்துவிடுவாள் என்று பயம் போல... பிரியாணி தேக்சாவை நகர்த்து, அடுத்ததை நகர்த்து, ஊதுபத்தியை நீட்டு, அடேயப்பா, புகை சடாரென்று முறிந்து கீழே ஓடுகிறதே!

பிடித்துவிட்டேன். எங்கே... ஆனால் ஜாயின்ட் பிய்ந்த மாதிரி இல்லையே. கையகலத்துக்கு வெட்டிய வாய், கை கீறாமலிருக்க விளிம்பைச் சுற்றிலும் மடித்து அழுத்தியிருக்கிறது, இப்படி மடிக்க இந்த ஊரில் ஒருத்தருக்குத்தான் தெரியும். அதன்மேல் சின்னதாக ஒரு தகரம், சரிவாக, அடுப்புப் பக்கம் காற்று போகாமல், பின்கதவோரம் பார்த்து... அங்கே என்ன இருக்கிறது? என் முக்காலி இருக்கிறது. நான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற, மீன் கழுவுகிற முக்காலி.

யா அல்லாஹ். போன வருஷம் மாதவிலக்கு நின்ற புதிதில் கழுத்திலிருந்து நெருப்பு ஏறுமே, திடீரென்று, முந்தானையால் துடைத்துத் துடைத்து மாளாதே, யாரிடமும் சொல்லவில்லையே நான், இவரிடம் சொல்லவே இல்லை, ஆண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது... அப்புறம் சப்ஜா விதை ஊறப்போட்டுக் குடித்தேன், நின்றுவிட்டது. நின்றுவிட்டதா? வில்லியனூர் கல்யாணத்தில் வந்தது, பஸ்ஸில் வந்தது, முக்காலியில் மட்டும் வரவில்லை, பின்கதவுக் காற்று என்று நினைத்தேன் மடச்சி. மீன்காரி கலியம்மாளிடம் வேறு, சப்ஜா குடி, எனக்கு நின்னே போச்சு என்று பெருமையடித்தேனே, அவளும் பாவம் விடாமல் குடிக்கிறாள்.

ஸ்கூட்டர் சத்தம். இறங்குவதற்குள் வந்துவிட்டார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, ரபீக் பின்னால் வருகிறானாம். ஏணியைப் பார்த்தார், நகர்ந்த தேக்சாவைப் பார்த்தார், என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார், ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒட்டிட்டியா?"

"இல்ல."

"ஒட்டிடு. வர்றவங்க ஹால்லதான உக்காருவாங்க."

"நான் ஒட்ட மாட்டேன்."

"அப்ப வுடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்கி ஆளு வந்து பாத்தா இன்னா சொல்லுவீங்க?"

"வெட்டும்போது கை தவறிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன். போவுது. நீ எறங்கு மொதல்ல."

போகிறதாம்! கை தவறிப்போச்சாம்! இந்தக் கையா, அதுவும் பெற்ற பிள்ளைக்கு முன்னாலேயா... திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது, என் அப்பாவி மனுஷா. இறங்கி முக்காலியில் உட்கார்ந்தேன், காற்று வந்தது, கழுத்தில்தான் வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார், ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் வந்ததால் இருக்கும்... இல்லை, வேறு ஏதாவதா? தோஹாவிலிருந்து வந்ததிலிருந்து இவர் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாரே, தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேனே, இவருக்கு எங்கே புழுங்குகிறது என்று நான் ஒருநாளாவது பார்த்தேனா?

"இங்க வந்து உக்காருங்க," என்று எழுந்து முக்காலியைத் தள்ளினேன்.

"எனக்கு எதுக்கு," என்றார், உட்காரவில்லை.