கபிரியேல் அங்கிள் பேசிய ஞாயிற்றுக்கிழமை

2023 ஜூன் 11, ஞாயிறு. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "பண்டமாரான். ஐந்து டேக். எல்லாம் சரி." கடைசி இரண்டு சொற்களை மறுநாள் நானே கோடு போட்டு அடித்திருக்கிறேன்.

அப்போது பகலில் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தேன். மாலையில் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போய், ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் டிஜிட்டல் திரைப்படமும் புகைப்படமும் படித்தேன். ஏழு மணிக்கு வகுப்பு. ரயில் தாமதமாகாத நாட்களில் இருபது நிமிடம் மிச்சமிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் நானும் தாமரையும் பிரையனும் சாலையோரத்தில் நின்று ஒரே பொட்டலத்தில் வடை தின்போம். படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தின் சூடு மறக்கவில்லை.

குழுவில் பிரையன் இயக்கம், தாமரை ஒலி. நான் குறிப்பு எழுதுபவள். எந்த டேக், எத்தனை நிமிடம், எந்த லென்ஸ் என்று கட்டம் போட்ட தாளில் நிரப்புவேன். கேமராவை ஒருமுறை என்னிடம் தாருங்கள் என்று கேட்க இரண்டு வருடமாக வாய் வரவில்லை.

அந்த செமஸ்டரின் கடைசி வேலை, ஒரு மனிதரைப் பற்றிய ஐந்து நிமிடப் படம். பிரையன் தன் அப்பாவைத் தேர்ந்தெடுத்தான். கபிரியேல் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மகன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. தன் நண்பர் லோகனின் கிடங்கில் அவனுக்கு ஷிப்ட் வேலை பேசி வைத்திருந்தார். அதில் சேர்ந்தால் மாலை வகுப்புக்கு வர முடியாது.

"டேடி ஒரு கண்டிஷன் போட்டுட்டாரு," என்றான் பிரையன். "ரெண்டு வருஷமா என்ன கத்துக்கிட்டேன்னு இந்தப் படத்துல காட்டணுமாம். இல்லன்னா ஜூலையில லோகன் அங்கிள்கிட்ட போகணும்."

"அப்ப நீ பேசாம போய் பெட்டி தூக்கு லா," என்றாள் தாமரை.

"நீ தூக்குற மைக்கை விட அது லேசு."

பிறகு அவன் என்னைப் பார்த்தான். "லோகேஸ், இந்தத் தடவை கேமரா நீ. நான் டேடிகிட்ட பேசணும், ரெண்டையும் பார்க்க முடியாது."

அன்று வீட்டுக்குப் போய்ப் பதினேழு வரியில் ஒரு பட்டியல் எழுதினேன். பேட்டரி, கார்டு, வெள்ளைச் சமநிலை, குவியம். பதினான்காவது வரி, கருப்பு நாடா. பழக்கமில்லாதவர்கள் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தால் விறைத்துப்போவார்கள், அதன்மேல் நாடா ஒட்டிவிடுங்கள் என்று எங்கள் விரிவுரையாளர் திருச்செல்வம் சார் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு பண்டமாரான் வீட்டில் அங்கிள் கிறிஸ்துமஸ் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள். பேச வேண்டியதை மூன்று நாளாக எழுதினார் என்று பிரையனின் அம்மா கெர்ட்ரூட் ஆன்டி சமையலறையிலிருந்து காட்டிக்கொடுத்தார்.

நாடாவை ஒட்டினேன். சோதனைக்காக ஒருமுறை பொத்தானை அழுத்தினேன்; தொடங்கவும் நிறுத்தவும் அதே பொத்தான்தான். ஜன்னல் வெயில் திரையில் அடித்தது. குவியம் பார்க்க அங்கிளின் கண்களைத் திரை முழுக்கப் பெரிதாக்கியிருந்தேன். அதனால் பதிவாவதைக் காட்ட ஓரத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளியும் கண்ணில் படவில்லை. சோதனைப் பதிவை நிறுத்தாமலேயே முதல் டேக்குக்கு வந்தேன்.

"ரெடியா?" என்றான் பிரையன். அழுத்தினேன்.

அங்கிள் கோயிலில் பைபிள் வாசகம் படிக்கும் குரலில் பேசினார். காப்பாரில் பிறந்தது, துறைமுகத்தில் சேர்ந்தது, ஏழு வருடம் கீழே நின்று சைகை காட்டியபின் கிரேனில் ஏறியது. ஒரு பகுதி முடிந்ததும் கையை உயர்த்துவார். நான் பொத்தானை அழுத்துவேன். தாளைப் பார்த்துக்கொள்வார். மீண்டும் அழுத்துவேன். இப்படி ஐந்து முறை. என் தாளில் ஐந்து கட்டங்களும் நிரம்பின.

திங்கள் மாலை எடிட்டிங் அறையில் கார்டைத் திறந்தோம். முதல் காட்சியில் என் கட்டைவிரல். அடுத்ததில் அங்கிள் மூக்கைத் துடைக்கிறார். அதற்கடுத்ததில் தாமரை கறிபாப் கடிக்கிறாள். தாமரையின் மைக்கும் கேமராவில்தான் செருகியிருந்தது, அதனால் அவர் பேசியது ஒரு சொல்கூட இல்லை. நான் பதிவு செய்கிறேன் என்று நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது. நிறுத்தினேன் என்று நினைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"திரும்ப எடுக்கலாமா?" என்றேன்.

"டேடிக்கு சனிக்கிழமை வரைக்கும் ஷிப்ட். படம் புதன்கிழமை கொடுக்கணும்." பிரையன் நாற்காலியில் சரிந்தான். "விடு. எனக்குப் பெட்டிதான்."

தாமரை மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய், இங்க பாரு உங்க டேடியை."

நான்காவது துண்டில் அங்கிள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிரையன் விளக்குத் தாங்கியை நகர்த்தத் தெரியாமல் திணறுகிறான். அங்கிள் எதிரே நின்று துறைமுகச் சைகை காட்டுகிறார். உள்ளங்கை மெதுவாக இடப்பக்கம் அசைகிறது. இன்னும், இன்னும். விரல்கள் மூடுகின்றன. முஷ்டி. பிரையன் நிற்கிறான். "இறக்கு. மெல்ல. மண்டையில போட்டுக்காதே." வெளிச்சம் சரியாக அவர் நாற்காலியில் விழுகிறது. "இவ்வளவுதான்டா, இதுக்கு யுனிவர்சிட்டியா?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் அவரைக் கேட்டு வாங்கியிருக்க முடியாது.

இரண்டு மாலைகளில் அந்த மிச்சங்களை மட்டுமே வைத்து நான்கு நிமிடம் நாற்பது வினாடி தொகுத்தோம். சனிக்கிழமை மதியம் வகுப்பறையில் திரையிடல். குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அங்கிள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அதே கிறிஸ்துமஸ் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் முடிந்ததும் கைத்தட்டல் அடங்க வெகுநேரமானது. "நடிக்காத மனிதரைக் காட்டிட்டீங்க," என்றார் திருச்செல்வம் சார். பிரையன் முகம் மலர்ந்தது.

அங்கிள் முகம் மலரவில்லை. வெளியே வந்ததும் மகனிடம் கேட்டார்.

"நான் பேசினது எங்கடா?"

பிரையன் ஏதோ சொல்லத் தொடங்கினான். "அது வந்து டேடி, ஸ்டைல்..."

"மூணு நாள் எழுதினேன். நான் மூக்குத் துடைக்கிறதை ஊரே பார்த்துச்சு. பேசினது ஒண்ணும் நல்லா இல்லன்னு தூக்கிட்டியா?"

பிரையன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தான். ஸ்டைல் என்று விட்டுவிடலாம். எல்லாரும் பாராட்டிய படம். ஆனால் அவர் கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

"அங்கிள், நீங்க பேசினது கேமராவுல ஏறவே இல்லை," என்றேன். "பொத்தானை மாத்தி மாத்தி அழுத்திட்டேன். பிரையன் மேல தப்பு இல்லை. என் தப்பு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும் அங்கிள்."

"கிரேன்ல நீ ஏறிடாதம்மா," என்றார். தாமரை சிரிப்பை அடக்க இருமினாள். அங்கிள் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு வாங்க. திரும்பச் சொல்றேன்."

மதிப்பெண் எல்லாம் போட்டாகிவிட்ட படத்துக்காக ஜூன் 25 அன்று மறுபடியும் பண்டமாரான் போனோம். இந்த முறை நாடா ஒட்டவில்லை. சிவப்பு விளக்கு எரிய, அங்கிள் தாளை விரித்துப் பதினோரு நிமிடம் நிறுத்தாமல் படித்தார். விறைப்பாகத்தான் படித்தார். கர்த்தருக்கு நன்றி என்று முடித்துத் தாளை மடித்தார். நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவர் கை உயரக் காத்திருந்தேன். உயரவில்லை.

"அடுத்த செம் எப்படா ஆரம்பிக்குது?" என்று மகனைக் கேட்டார்.

விளக்குத் தாங்கியைப் பிடித்திருந்த பிரையன் நிமிர்ந்தான். "ஆகஸ்ட், டேடி."

"சரி. லோகன்கிட்ட ஆள் வரலன்னு சொல்லிடுறேன். அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கெர்ட்ரூட் ஆன்டி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதையும் எடுத்தியாம்மா?"

"எடுத்துட்டேன் அங்கிள்."

"அதை வெட்டிடு. நான் எழுதினது மட்டும் போதும்."

சொன்னபடி வெட்டித்தான் அங்கிளிடம் கொடுத்தேன். வெட்டிய பதினாறு வினாடி என் கணினியில், அன்றைய தேதியிட்ட கோப்பில் இருக்கிறது. அதைக் கொடு என்று பிரையன் இன்னும் கேட்கவில்லை.